பட்டறைப் பக்கம்: பரணில் கிடந்த ஹிக்கரி மட்டைகள்

போன மாதம் மண்வெட்டிக் காம்புக்கு எந்த மரம் நல்லது என்று எழுதும்போது, அமெரிக்காவில் கோடாலிக்கு ஹிக்கரி என்றொரு மரத்தைப் போடுவார்கள், அந்தக் காலத்துக் கோல்ஃப் மட்டைக்கும் அதுதான் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் அதிகக் கடிதம் வந்திருக்கிறது. ஒரு அம்மா மட்டைகளைப் பையோடு தூக்கிக்கொண்டு தாராசுரத்தில் இருக்கும் என் பட்டறைக்கே வந்துவிட்டார். ஆகவே கதவு, நிலை, கட்டில் பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த இதழ் முழுக்க மட்டைதான்.

எங்கள் மாமனார் வீட்டுப் பரணை ஒழித்தபோது ஒரு கான்வாஸ் பையில் ஏழு கோல்ஃப் மட்டைகள் கிடைத்தன. மாமனாரின் அப்பா வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்தவர். ஆறு மட்டைக்கு இரும்புத் தலை, ஒன்றுக்கு மரத் தலை. தண்டு எல்லாமே மரம். ஓர் இரும்பின் பின்புறம் புகைபிடிக்கும் குழாய் போல முத்திரை இருக்கிறது. இது என்ன மரம்? விலை போகுமா?
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

அம்மா, நீங்கள் வந்த அன்று மழை மூட்டமாக இருந்தது. நீங்கள் கிளம்பிய பிறகு, விட்டுப்போன இரண்டு மட்டைகளையும் மறுநாள் காலை வெயிலில் திண்ணையில் போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் மரம் பேசியது. தேன் நிறத் தண்டில் ஊசியால் கீறியதுபோலச் சின்னச் சின்னக் கருங்கோடுகள். அவை மரத்தின் துளைகள். ஹிக்கரியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோடு போதும். ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு விரலை நகர்த்தினேன். கைப்பிடியில் இருந்து இரும்புக் கழுத்து வரைக்கும் ஏறக்குறைய முப்பது அங்குலம், கோடு எங்கேயும் தண்டின் பக்கவாட்டில் ஓடி வெளியே போகவில்லை. நூல் பிடித்த மாதிரி வந்தது. ஐம்பது வருடம் மரம் இழைத்தவனுக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. அந்தக் கட்டையைத் தேர்ந்தெடுத்த ஆளுக்கு மரம் தெரிந்திருக்கிறது.

ஹிக்கரி அமெரிக்க மரம். அக்ரூட் குடும்பம். இப்போது சூப்பர் மார்க்கெட்டில் விற்கிற பீக்கன் பருப்பு இதன் உடன்பிறப்பு மரத்தில் காய்ப்பது. ஸ்காட்லாந்துக்காரர்கள் அதைக் கப்பலில் வரவழைத்து மட்டைக்குத் தண்டாகப் போட்டார்கள்.

குழாய் முத்திரை செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பட்டறை வைத்திருந்த டாம் ஸ்டூவர்ட் என்ற கொல்லருடையது. அந்தக் காலத்துக் கொல்லர்கள் ஆளுக்கொரு சின்னம் வைத்திருந்தார்கள். லீவன் ஊர் ஜார்ஜ் நிக்கோலுக்குக் கை, கிங்ஹார்ன் ஊர் வில்லியம் கிப்சனுக்கு நட்சத்திரம். இரும்பின் முகத்தையும் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் கொஞ்சம் பழையது. கோடோ புள்ளியோ குத்தியிருந்தால் பெரும்பாலும் 1900-க்குப் பிந்தையது. உங்களுடையதில் கோடுகள் இருக்கின்றன.

மரத் தலை மட்டையைத் திருப்பிப் பார்த்தீர்களா? அடியில் பித்தளைத் தகடு ஒன்று ஆறு திருகாணியில் உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தகடு, அதாவது பிராஸ், இருப்பதால் அதற்குப் பிராஸி என்றே பெயர். அந்த நாளில் மட்டைகளுக்கு எண் கிடையாது, பெயர்தான். டிரைவர், பிராஸி, ஸ்பூன், கிளீக், மாஷி, நிப்ளிக் என்று கூப்பிட்டார்கள். தலையின் மரம் பெர்சிமன், இதுவும் அமெரிக்காதான். ஆனால் அதன் உறவுக்காரர்களை நமக்கு நன்றாகத் தெரியும். கருங்காலி அந்தக் குடும்பம், பனிச்சையும் அந்தக் குடும்பம். நாகை கடற்கரையில் பனிச்சங்காய்ச் சாறு எடுத்து வலைக்கு ஏற்றுவார்களே, அதே பனிச்சை. தலைக்கட்டையாக இருந்து அடி வாங்கித் தாங்கும் குணம் பெர்சிமனுக்கு உண்டு.

விலை கேட்டீர்கள். நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி மட்டைகளை அந்தக் காலத்தில் லட்சக்கணக்கில் செய்தார்கள். பெரிய பணம் வருவது 1880-க்கு முந்தைய நீள மூக்கு மட்டைகளுக்குத்தான். உங்களுடையது அந்த வகை இல்லை. விற்று வரும் பணத்தைவிட, உங்கள் வீட்டுக் கணக்கர் தாத்தா கையில் பிடித்த பொருள் என்பது பெரிது. விற்காதீர்கள் என்பது என் ஆசை, முடிவு உங்களுடையது.

ஐயா, நான் வேளாண் கல்லூரி மாணவன். உலகத்தில் எத்தனையோ கடின மரம் இருக்கும்போது ஏன் ஹிக்கரி? நம் ஊரில் அதற்கு ஈடான மரமே இல்லையா?
– மன்னார்குடி

தம்பி, நல்ல கேள்வி. கடினம் என்ற சொல்லை முதலில் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கருங்காலி கடினம். அதில் நாற்பது அங்குலத்துக்கு ஒரு கம்பு செய்து தரையில் ஓங்கி அடித்துப் பாருங்கள். உடையும், இல்லையென்றால் உங்கள் மணிக்கட்டு போகும். மட்டைத் தண்டுக்கு வேண்டியது வேறு குணம். அடி விழும்போது வளைய வேண்டும், வளைந்ததும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும், அதிர்ச்சியைத் தனக்குள்ளேயே வாங்கிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் சுண்டுவிரல் கனத்தில் செய்ய வேண்டும். எங்கள் பட்டறையில் இதற்கு ‘நார்க்கட்டு’ என்போம். நார்க்கட்டு உள்ள மரம் முறியும்போதுகூடப் பட்டென்று இரண்டாகாது. சிம்பு சிம்பாகக் கிழிந்து தொங்கும்.

ஹிக்கரிக்கு முன்னால் ஸ்காட்லாந்தில் ஆஷ், ஹேசல் என்று உள்ளூர் மரங்களைப் போட்டுப் பார்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஹிக்கரி வந்தது. வந்த பிறகு மற்றவை நிற்கவில்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நாம் பொதுவாக மெதுவாக வளர்ந்த மரம்தான் உறுதி என்று நினைப்போம். தேவதாரு, பைன் போன்றவற்றில் பெரும்பாலும் அப்படித்தான். ஹிக்கரியில் தலைகீழ். வருட வளையம் அகலமாக, அதாவது வேகமாக வளர்ந்த மரம்தான் கனமாகவும் உறுதியாகவும் இருக்கும். ஒவ்வொரு வளையத்திலும் வசந்த காலத்தில் உண்டாகும் துளைப் பகுதி ஏறக்குறைய ஒரே அகலம்தான். கோடையில் உண்டாகும் கெட்டிப் பகுதிதான் கூடும், குறையும். வளையம் நெருக்கமாக இருந்தால் துளை அதிகம், கெட்டி குறைவு. அப்புறம் இன்னொன்று. வாங்குகிறவர்கள் வெள்ளைத் தண்டைத்தான் விரும்பினார்கள். மரத்தின் வெளிப்பகுதியான வெளிறு வெள்ளை, நடுப்பகுதியான வைரம் கொஞ்சம் சிவப்பு. சோதித்துப் பார்த்தபோது இரண்டுக்கும் உறுதியில் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. நம் ஊரில் வைரம் பாய்ந்த கட்டைதான் வேண்டும் என்று நிற்போம், அங்கே வெளிறுதான் வேண்டும் என்று நின்றிருக்கிறார்கள். மரத்தைக் கண்ணால் மட்டும் வாங்கினால் எந்த ஊரிலும் இதுதான் நடக்கும்.

நம் மரங்களுக்கு வருவோம். டெல்டாவில் மண்வெட்டிக்கும் வண்டிக்கும் கருவேலம், பூவரசு. பூவரசுக்கு நல்ல நார்க்கட்டு உண்டு, ஆனால் இவ்வளவு மெல்லிய தண்டுக்கு நேரான கட்டை கிடைப்பது அபூர்வம். ஹிக்கரிக்கு நான் பார்த்தவரை மிக நெருங்கி வருவது சடச்சி. மலைக்காட்டு மரம். தடசு என்றும் சொல்வார்கள், வடக்கே தாமன் என்று பெயர். பாரம் தூக்கும் காவடித் தண்டு, வண்டி ஏர்க்கால், பில்லியர்ட்ஸ் கோல், கிரிக்கெட் ஸ்டம்ப் எல்லாம் அதில் செய்திருக்கிறார்கள். கோல்ஃப் தண்டும் செய்திருக்கிறார்கள். இன்னொன்று வெக்காலி. ஆங்கிலத்தில் அதற்கு அச்சு மரம் என்றே பெயர். நீங்கள் வேளாண்மை படிக்கிறீர்கள், வரப்போரம் தேக்கும் சவுக்கும் மட்டுமே நடச் சொல்கிறார்கள். காம்புக்கு ஆகிற மரம் என்று ஒரு வகை இருக்கிறது, அதையும் யாராவது நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

இந்த மட்டைகளை ஒரே கைவினைஞர் செய்வாரா, தொழிற்சாலையில் செய்வார்களா? மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.
– ஓர் ஆசிரியர், கும்பகோணம்

சார், உங்கள் கேள்விக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

ஆரம்பத்தில் வில் செய்தவர்கள்தான் மட்டையும் செய்தார்கள். 1603-ல் ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸ், எடின்பரோவில் வில் செய்துகொண்டிருந்த வில்லியம் மேன் என்பவரைத் தனக்கு மட்டை செய்பவராக நியமித்தார். யோசித்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. எந்த மரம் எவ்வளவு வளையும், எப்போது முறியும் என்பது வில்காரருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

அப்புறம் தச்சர்கள் கைக்கு வந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸில் ஹியூ பில்ப் என்று ஒருவர். மரவேலைக்காரர். 1819-ல் அங்கிருந்த கோல்ஃப் சங்கம் அவரைத் தன் மட்டைத் தச்சராக அமர்த்தியது. 1856-ல் அவர் இறந்த பிறகு பட்டறையை எடுத்து நடத்தியவர் அவருடைய உறவினர் ராபர்ட் ஃபோர்கன். பில்ப் செய்த மட்டையில் தலைக்கும் தண்டுக்கும் உள்ள இணைப்பை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். படத்திலேயே கை துறுதுறுத்தது. தண்டின் நுனியை அரைச் சாணுக்கு மேல் சாய்வாகச் சீவி, தலையின் கழுத்தையும் அதே சாய்வில் சீவி, இரண்டையும் வஜ்ஜிரப் பசை தடவிப் பொருத்தி, மேலே தார் பூசிய நூலை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். திருவாவடுதுறையில் நாகஸ்வரச் சீவாளிக்கு நூல் சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த நெருக்கம் புரியும். ஆணி கிடையாது. இரண்டு சாய்வும் தாள் போகாமல் ஒட்ட வேண்டும். ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் பத்தாவது அடியில் திறந்துகொள்ளும். பிற்காலத்தில் தலையில் துளை போட்டுத் தண்டைச் செருகும் முறை வந்தது. வேலை சுலபம், நேரம் மிச்சம். அந்தச் சாய்வு இணைப்பின் அழகு மட்டும் போய்விட்டது.

பந்து மாறியபோது மட்டையும் மாறியது. முதலில் தோல் உறைக்குள் வாத்து இறகை வேகவைத்துத் திணித்த பந்து. 1848 வாக்கில் கட்டாபெர்ச்சா பந்து வந்தது. மலேயாவில் ஒரு மரத்தின் பால் அது. அந்த மரம் நம் இலுப்பைக் குடும்பம் என்று சொன்னால் உங்கள் மாணவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் உண்மை. இந்தப் பந்து கல் மாதிரி. மெல்லிய மரத் தலைகள் தாங்கவில்லை. தலையைத் தடியாக்கினார்கள், முகத்தில் தோல் பதித்தார்கள், இரும்புத் தலைகள் பெருகின. அதோடு கொல்லர்களுக்கு வேலை பெருகியது.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: ஒரு மட்டையில் குறைந்தது இரண்டு தொழில் இருக்கிறது. கொல்லர் உலையில் காய்ச்சி அடித்துத் தலையைச் செய்வார். கழுத்தைக் குழலாகச் சுருட்டி, அதன் வாய் விளிம்பில் ரம்பப் பல் போலச் சின்ன வெட்டு வெட்டியிருப்பார். அந்தப் பற்கள் தண்டைக் கவ்வுவதற்கு. தச்சர் தண்டைச் சீவிக் குழலுக்குள் இறுக்கி, குறுக்கே துளையிட்டு ஒரு முளை அடித்து, இரண்டு பக்கமும் அரத்தால் ராவி மட்டமாக்குவார். முளை இருக்கும் இடம் தெரிய உற்றுப் பார்க்க வேண்டும். மயிலாடுதுறை அம்மாவின் மட்டையில் எனக்கு விரல் நுனிதான் முதலில் காட்டிக்கொடுத்தது, கண் இல்லை. இரும்பில் கொல்லரின் சின்னம் இருக்கும். விற்ற பட்டறையின் பெயர் அதே இரும்பிலோ, கைப்பிடிக்குக் கீழே தண்டிலோ குத்தியிருக்கும். ஒரே மட்டையில் இரண்டு பேருக்கும் மரியாதை. நம் ஊரில் தேருக்கு இரும்பு அச்சு அடித்த கொல்லர் பெயரும் தெரியாது, சக்கரம் கடைந்த தச்சர் பெயரும் தெரியாது. இதை எழுதும்போது எனக்கு மனசு கனக்கிறது.

1900-க்குப் பிறகு இயந்திரங்கள் வந்து பெரிய தொழிற்சாலைகளும் செய்தன. அப்போதும் தண்டைக் கடைசியாகச் சீவி, வளைத்துப் பார்த்து, இது போதும் என்று சொன்னது ஒரு மனிதனின் கைதான்.

என் பாட்டனார் நாகப்பட்டினம் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து, பணிமனை பொன்மலைக்கு மாறியபோது கூடவே போனவர். அவர் வைத்திருந்த மட்டையின் தண்டு மரம் என்றே நினைத்திருந்தோம். சுரண்டிப் பார்த்தால் உள்ளே இரும்பு! ஏமாற்று வேலையா?
– நாகப்பட்டினம்

ஏமாற்று இல்லை ஐயா. அது இரண்டு காலத்துக்கு நடுவில் பிறந்த மட்டை. எஃகுக் குழாய்த் தண்டு வந்தபோது ஆட்டக்காரர்களுக்குப் பளபளக்கும் குழாயைப் பார்த்தால் பிடிக்கவில்லை. மரத்தைப் பார்த்துப் பழகிய கண். அதனால் எஃகின் மேல் மர நிறத்தில் ஒரு உறை போட்டு விற்றார்கள். மேலும் சுரண்டாதீர்கள், அந்த உறைதான் அதன் அடையாளம்.

அமெரிக்காவில் 1924-ல் இருந்தே எஃகுக்கு அனுமதி வரத் தொடங்கியது. பிரிட்டனில் 1929-ல்தான் ஒத்துக்கொண்டார்கள். காரணம் எளிது. நல்ல ஹிக்கரி குறைந்துகொண்டே வந்தது. மரத்தில் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. இருபது தண்டைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தால்தான் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் ஐந்து ஆறு கிடைக்கும். எஃகுக் குழாய் ஆயிரம் செய்தாலும் ஒரே மாதிரி. ஹிக்கரி அடிக்கும்போது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், அதனால் நிதானமாக வீச வேண்டும். எஃகு அவ்வளவு முறுக்காது, வேகமாக வீசலாம். மட்டைகள் ஒன்றுபோல வரத் தொடங்கியதும் மாஷி, நிப்ளிக் என்ற பெயர்கள் போய் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் வந்தது.

ஆனாலும் 1930-ல் அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் ஒரே வருடத்தில் நான்கு பெரிய பட்டங்களை வென்றது ஹிக்கரித் தண்டில்தான். 1936-ல் ஜானி ஃபிஷர் அமெரிக்க அமெச்சூர் பட்டத்தை ஹிக்கரியோடு வென்றார். பெரிய பட்டம் ஒன்றை மரத் தண்டோடு வென்ற கடைசி ஆள் அவர். இப்போதும் ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் ஹிக்கரி மட்டையால் மட்டுமே ஆடும் போட்டிகள் நடக்கின்றன. அதற்காகப் புதிதாகத் தண்டு சீவும் சின்னப் பட்டறைகளும் இருக்கின்றன.

கோல்ஃப் நம் நாட்டுக்கு எப்போது வந்தது?
– திருத்துறைப்பூண்டி

கல்கத்தாவில் 1829-ல் கிளப் தொடங்கினார்கள். பிரிட்டனுக்கு வெளியே அதுதான் பழையது. பெங்களூரில் 1876, கொடைக்கானலில் 1895. மலையில் வேலை பார்த்துவிட்டு டெல்டாவுக்குத் திரும்பியவர்களின் பரணில் மட்டை கிடப்பது அதனால்தான்.

எங்களிடம் உள்ள மட்டையில் தண்டு முறிந்துவிட்டது. ஹிக்கரி கிடைக்காது. நீங்கள் வேறு மரத்தில் போட்டுத் தர முடியுமா? தேக்கு போட்டால் போதாதா?
– பட்டுக்கோட்டை

தேக்கு வேண்டாம். நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

1979. எனக்கு இருபத்திரண்டு வயது. மலைத்தோட்ட வேலையில் இருந்து ஓய்வு பெற்று அரசலாற்றங்கரையில் குடியேறிய பெரியவர் ஒருவர் முறிந்த மட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். அப்பா வெளியூர் போயிருந்தார். பட்டறையில் பர்மா தேக்குப் பலகை ஒன்று இருந்தது, பார்க்கவே கண் குளிரும் ரேகை. அதில் ஒரு சட்டம் அறுத்து, உருட்டி, மெழுகு போட்டுக் கொடுத்தேன். பெரியவர் தன் தென்னந்தோப்பில் நின்று அடித்தார். மூன்றாவது அடியில் தண்டு கழுத்துக்கு மேலே பட்டென்று போனது. இரும்புத் தலை பறந்து மாட்டுக்கொட்டகை ஓட்டை உடைத்தது. கொட்டகையில் கன்று கட்டியிருந்தது. கன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னால் அன்று சாப்பிட முடியவில்லை.

அப்பா வந்து முறிந்த துண்டைப் பார்த்தார். திட்டவில்லை. ரேகையைக் காட்டினார். பலகையில் அழகாக வளைந்து ஓடிய அதே ரேகை, மெல்லிய தண்டாக ஆனபோது நடுவில் குறுக்கே வெட்டி வெளியே போயிருந்தது. மரத்தின் நார் பாதியில் அறுந்தால் அந்த இடத்தில் மரமே இல்லை என்று அர்த்தம். பலகை அழகுக்கு நான் எதைப் பார்த்து ஆசைப்பட்டேனோ அதுதான் முறித்தது. தேக்கின் குணமும் சேர்ந்துகொண்டது. கப்பலுக்கும் கதவுக்கும் ராஜா, அதிர்ச்சி தாங்காது.

பிறகு அவர் கூரையில் செருகியிருந்த பழைய காவடித் தண்டு ஒன்றை இறக்கினார். வாய்க்கால் தூர் வாரும்போது மண் சுமந்தது. சடச்சி மரம். ரம்பத்தைத் தொடவே இல்லை. முனையில் உளியை வைத்து ஒரு தட்டு, வெடிப்பில் ஆப்பு, ஆப்புக்குப் பின்னால் இன்னொரு ஆப்பு. மரம் தன் நாரோடு பிளந்துகொண்டு போனது. மூங்கில் பிளப்பது மாதிரி சத்தம். பிளந்த கட்டை ரம்பத்தில் அறுத்ததுபோல நேராக இருக்காது, லேசாக நெளியும். ஆனால் ஒரு நார்கூட அறுந்திருக்காது. நல்ல ஹிக்கரித் தண்டுக்கும் இப்படித்தான், கட்டையைப் பிளந்து எடுப்பார்கள், இல்லாவிட்டால் நாரை அனுசரித்து அறுப்பார்கள் என்று பின்னாளில் படித்தேன். அப்பாவுக்கு ஹிக்கரி என்ற பெயரே தெரியாது.

அந்தக் கட்டையை முதலில் சதுரமாக இழைத்தோம். சதுரத்தின் நான்கு விளிம்பையும் சீவினால் எட்டுப்பட்டை. எட்டைச் சீவினால் பதினாறு. அதற்குப் பிறகுதான் உருட்டு. கைப்பிடிப் பக்கம் கட்டைவிரல் கனம், கழுத்துப் பக்கம் சுண்டுவிரல் கனம். கடைசியில் உப்புத்தாள்கூட இல்லை, உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டினோம். சுருள் சுருளாகத் தூள் வரும். நாலு இழுப்புக்கு ஒருமுறை தலைப்பக்கத்தைத் தரையில் ஊன்றி உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பார் அப்பா. “இன்னும் கொஞ்சம்” என்பார். மறுபடி சுரண்டுவேன். நாள் முழுக்க அதே வேலை. அந்த மட்டையைப் பெரியவர் கடைசிக் காலம் வரை வைத்திருந்தார்.

ஆகவே உங்களுடையதைக் கொண்டுவாருங்கள். சடச்சி கிடைத்தால் செய்து தருகிறேன். பழைய காவடித் தண்டோ ஏர்க்காலோ உங்கள் ஊரில் யார் வீட்டிலாவது கிடந்தால் கேட்டு வாங்கி வையுங்கள். நரசிங்கன்பேட்டையில் நாகஸ்வரத்துக்கு ஆச்சா மரத்தைப் பழைய வீட்டு உத்திரத்தில் இருந்துதான் எடுக்கிறார்கள், பல வருடம் காய்ந்த மரம் அசையாது என்பதற்காக. நமக்கும் அதே கணக்குதான். முறிந்த தண்டைத் தூக்கிப் போடாதீர்கள், அளவு அதில்தான் இருக்கிறது. இரும்புக் கழுத்தில் உள்ள முளையை நீங்களாக அடித்து எடுக்கவும் வேண்டாம். முளைக்கு ஒரு பக்கம் மெலிந்திருக்கலாம், எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் தட்ட வேண்டும். தப்பான பக்கம் தட்டினால் கழுத்து விரிந்துவிடும்.

தண்டில் குண்டூசித் துளைகள், கீழே மாவு கொட்டுகிறது. தலையும் ஆடுகிறது. தண்ணீரில் ஊறவைத்தால் இறுகும் என்கிறார்களே?
– திருவாரூர்

ஊறவைக்காதீர்கள். அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்களே அப்படிச் செய்ததுண்டு. மரம் ஊதி அன்றைக்கு இறுகும். காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும், உள்ளே இரும்பு துருப்பிடிக்கும், மரம் மக்கும். அதற்குப் பதிலாக ஆளி விதை எண்ணெயைக் கழுத்து விளிம்பில் சொட்டுச் சொட்டாக விட்டு, தலையைக் கீழாக வைத்து இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள். லேசான ஆட்டம் என்றால் நின்றுவிடும். ஒரு எச்சரிக்கை: ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள்.

மாவு கொட்டுவது உளு. வெளிறில் மாவுச்சத்து உண்டு, வண்டு அதற்குத்தான் வருகிறது. முதலில் அந்த மட்டையை மற்ற மரச் சாமான்களில் இருந்து பிரித்து வையுங்கள். தட்டி மாவை உதிர்த்துவிட்டு, வெங்காரத்தை, அதாவது போராக்ஸை, வெந்நீரில் கரைத்து ஊசியால் ஒவ்வொரு துளைக்குள்ளும் ஏற்றுங்கள். மேலே பூசிப் பயனில்லை, பழைய பாலிஷ் உள்ளே விடாது. காய்ந்ததும் தேன்மெழுகால் துளையை அடைத்துவிட்டு, கறுப்புத் துணி ஒன்றின் மேல் ஒரு மாதம் கிடத்துங்கள். துணியில் புதிதாக மாவு விழுந்தால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது, மறுபடி ஏற்றுங்கள்.

பரண் வேண்டாம். சித்திரை வெயிலில் ஓட்டுக்கு அடியில் மரம் காய்ந்து சுருங்கும், ஐப்பசியில் ஊதும். வருடா வருடம் இப்படி நடந்தால் எந்த இணைப்பும் நிற்காது. சுவரில் சாய்த்து வைத்தால் தண்டு வளைந்துவிடும். படுக்கவைக்கலாம், தொங்கவிடலாம்.

பாலிஷ் கடையில் ஒருவர், ஏழையும் தேய்த்து வார்னிஷ் அடித்து, இரும்பைப் பளபளவென்று ஆக்கி, கைப்பிடிக்குப் புதுத் தோல் சுற்றித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
– அதே வாசகி, மயிலாடுதுறை

வேண்டாம் அம்மா. எமரித் தாளை வைத்து இரும்பைத் தேய்த்தால் முதலில் போவது அந்தக் குழாய் முத்திரைதான். அந்தக் காலத்திலேயே மட்டை தூக்கும் பையன்கள் தினமும் தேய்த்துத் தேய்த்து எத்தனையோ முத்திரை அழிந்திருக்கிறது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துருவைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும். தண்டுக்கு ஆளி எண்ணெயை மெல்லிசாகத் தடவி, ஒரு மணி நேரம் விட்டு, மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிடுங்கள்.

கைப்பிடித் தோலைத் தொடவே தொடாதீர்கள். நீங்கள் விட்டுப்போன இரண்டில் ஒன்றின் பிடியைப் பார்த்தேன். ஆட்டுத்தோல் வாரைச் சாய்வாகச் சுற்றியிருக்கிறது, அடியில் கம்பளித் துணி, உச்சியில் ஒரு சின்ன ஆணி. தோலில் வலது கட்டைவிரல் படும் இடம் மட்டும் குழிந்து கறுத்திருக்கிறது. என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் பெரிதாக இருந்தது. உங்கள் கணக்கர் தாத்தாவுக்குச் சின்னக் கை போலிருக்கிறது. உங்கள் மாமனாரிடம் கேட்டுப் பாருங்கள்.

முத்திரை உள்ள மட்டையில் முளை தேய்ந்து ஒரு பக்கம் உள்ளே போயிருக்கிறது. அதை மட்டும் நான் மாற்றி வைக்கிறேன். அமாவாசை அன்று பட்டறை கிடையாது, மற்ற நாளில் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். வரும்போது மீதி ஐந்தையும் எடுத்து வாருங்கள், தலைப்பக்கம் துணி சுற்றி. பேருந்தில் ஒன்றோடொன்று இடித்தால் பிராஸியின் மூக்கு உடையும்.